முகவாதம் வந்திருக்கும் அப்பா நாயனம் ஊதலாமா?

வண்டல்மண் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு மயிலாடுதுறைப் பக்கம். அப்பாவுக்கு 58 வயது. பரம்பரையாக நாயனம் வாசிக்கும் குடும்பம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

போன மாதம் ஒரு திருவிழாவில் இரவு முழுக்க சாமி புறப்பாட்டுக்கு வாசித்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பினார். சற்றுத் தூங்கி எழுந்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாகத் தானே ஒழுகிவிட்டது. காபி குடித்தபோது சட்டையெல்லாம் சிந்தியது. அப்போதுதான் அம்மா முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வாய் வலப்பக்கம் கோணியிருந்தது. இடது கண் மூடவே இல்லை.

பக்கவாதமோ என்று பதறி அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போனோம். கையைத் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார், புருவத்தை உயர்த்தச் சொன்னார். வலப்பக்க நெற்றியில் கோடுகள் விழுந்தன. இடப்பக்கம் இஸ்திரி போட்டதுபோல மழமழவென்று இருந்தது. காதுக்குள்ளேயும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இது மூளையில் வந்ததில்லை, முக நரம்பில் வந்த வாதம், பயப்படாதீர்கள்" என்றார். பிரெட்னிசோலோன் மாத்திரை கொடுத்தார். சர்க்கரை ஏறும், அடிக்கடி பரிசோதியுங்கள் என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் இரவில் தடவ ஒரு களிம்பும் எழுதித் தந்தார்.

இப்போது மூன்றாவது வாரம் முடியப்போகிறது. இடது வாயோரத்தில் ஏதோ லேசாகத் துடிப்பதாக அம்மா சொல்கிறார். எனக்கு அது சரியாகத் தெரியவில்லை. என் கவலை வேறு. அப்பா சும்மா இருக்க மாட்டேன் என்கிறார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சீவாளியை, அதாவது நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டை, நனைத்து வாயில் வைக்கிறார். இடது ஓரமாகக் காற்று போய்விடுகிறது. உடனே இரண்டு விரலால் அந்த ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஊதுகிறார். வலது கன்னம் உப்பிக் கழுத்து நரம்பு புடைக்கிறது. சத்தம் வருகிறது, ஆனால் அது அவர் வாசிப்பில்லை. "ஊதி ஊதி வந்த வாய், ஊதினால்தான் திரும்பும்" என்கிறார். தை முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார், அதுவும் அவரை அரிக்கிறது.

பக்கத்து வீட்டில் பலூன் ஊதச் சொல்கிறார்கள். இன்னொருவர் எண்ணெய் கொண்டுவந்து தேய்க்கிறார். இரவுப் பயணத்தில் குளிர்காற்று அடித்ததால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் ஊதுவது நல்லதா, கெடுதலா? தடுத்தால் மனம் உடைந்துபோவார் என்று பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைத்தெரு எழுதியது:

அம்மாடி, கவலைப்படாதே. என் மைத்துனருக்கும் இதே மாதிரி வந்தது. தினமும் காலையில் பலூன் ஊதினார், நாள் முழுக்க சூயிங் கம் மென்றார். இரண்டு மாதத்தில் முகம் நேராகிவிட்டது. உன் அப்பாவுக்கு நாயனமே இருக்கும்போது பலூன் எதற்கு? ஊதட்டும், தடுக்காதே. தலைக்கு மட்டும் துண்டு கட்டிக்கொள்ளச் சொல், காதில் காற்று படக் கூடாது.

நிலைக்கண்ணாடி எழுதியது:

வணக்கம் அம்மா. நான் இயன்முறை மருத்துவர், திருச்சியில் இருக்கிறேன். முகவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி தருவதுதான் பல வருடங்களாக என் முதல் வேலை. மேலே பெரியவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கிறார். அவர் மைத்துனர் குணமானதும் உண்மையாகவே இருக்கும். ஆனால் பலூனால் குணமானார் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வாதம் வந்தவர்களில் 10 பேருக்கு 7 பேர் எந்த மருந்தும் இல்லாமலே முழுதாகத் தேறிவிடுவார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் எதைச் செய்துகொண்டிருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடுகிறது. பலூன், எண்ணெய், புறா ரத்தம், மந்திரிப்பு எல்லாம் இப்படிப் பெயர் வாங்கியவைதான்.

முதலில், நீங்கள் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். அன்றைக்கே போனீர்கள். அப்பாவுக்குக் கொடுத்த பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும். 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், அப்படித் தொடங்கியவர்களில் 9 மாத முடிவில் 94 சதவீதம் பேருக்கு முகம் முழுதாகத் திரும்பியிருந்தது. பிரெட்னிசோலோன் எடுக்காதவர்களில் அது 82 சதவீதம். வாய் கோணியதும் முதல் வாரத்தை எண்ணெயிலும் மந்திரிப்பிலும் கழித்துவிட்டு இரண்டாம் வாரம் என்னிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் அப்பாவுக்கு அந்த நாட்கள் வீணாகவில்லை.

மருத்துவர் நெற்றியை ஏன் பார்த்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற எல்லோருக்கும் பயன்படும். நெற்றிக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். நெற்றியும் சேர்ந்து செத்துக்கிடந்தால் கோளாறு நரம்பிலேயே இருக்கிறது என்று பொருள். வீட்டில் இதை வைத்து நீங்களே முடிவு கட்டக் கூடாது. வாய் கோணினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காதில் விளக்கடித்தது வேறு காரணத்துக்கு. அக்கி அம்மைக் கிருமி இதே நரம்பைத் தாக்கும்போது காதுக்குள் கொப்புளம் வரும். அதற்கு வைத்தியம் கூடுதலாகத் தேவை, தேறுவதும் கடினம்.

இனி ஊதலுக்கு வருகிறேன். முகத்துத் தசைகள் கை கால் தசை மாதிரி இல்லை. கைத்தசை எலும்பைப் பிடித்து இழுக்கிறது. முகத்துத் தசைகளில் பெரும்பாலானவை தோலில் போய் முடிகின்றன. அதனால்தான் மயிரிழை அசைவில் ஒரு சிரிப்பு சலிப்பாக மாறுகிறது. இந்தத் தசைகள் அனைத்துக்கும் ஒரு பக்கத்துக்கு ஒரே நரம்பு, மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்பு. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியே வந்து, காதின் அடியில் வெளிப்பட்டு, கன்னத்துக்குள் ஐந்து கிளையாகப் பிரிகிறது. எலும்புக் குழாய்க்குள் இருக்கும்போது நரம்பு வீங்கினால் விரிய இடமில்லை, நசுங்கிவிடுகிறது. உதட்டில் புண் உண்டாக்கும் சாதாரண ஹெர்ப்பிஸ் கிருமி உள்ளே விழித்துக்கொள்வதால் வருகிறது என்பதே பலரும் ஏற்கும் கருத்து. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சற்று அதிகமாக வருகிறது. குளிர்காற்று என்று ஊரே சொன்னாலும் அதற்கு உறுதியான சான்று கிடையாது. இரவு வாசிக்கப் போனதற்காக அவரை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம்.

மெல்லுவது இந்த நரம்பின் வேலையே இல்லை. தாடைத் தசைக்கு ஐந்தாவது நரம்பு. சூயிங் கம்மை எவ்வளவு மென்றாலும் கோணிய வாய்க்கு அதனால் பயனில்லை. கண்ணைத் திறப்பதும் இந்த நரம்பு அல்ல, மூன்றாவது நரம்பு. அதனால்தான் அப்பாவின் இடது கண் திறந்தபடியே நிற்கிறது, மூட மட்டும் வரவில்லை. மூட முயலும்போது கருவிழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலோருக்கு உள்ளதுதான், இமை மூடுவதால் வெளியே தெரிவதில்லை. சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை எழுதி வைத்தார், நோய்க்கும் அவர் பெயர்தான்.

ஊதுவதற்குக் கன்னத்துச் சுவரில் உள்ள தசையும் உதட்டைச் சுற்றிய வட்டத் தசையும் வேண்டும். இரண்டும் ஏழாவது நரம்பைச் சேர்ந்தவை. இடப்பக்கம் அந்த இரண்டுக்கும் இப்போது கட்டளை போகவில்லை. அவர் தம் பிடித்து ஊதும்போது உழைப்பது முழுக்க வலப்பக்கம். ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் பக்கம் இன்னும் இழுக்கும், வலுவற்ற கன்னம் காற்றில் உப்பித் தளரும். இது முதல் கெடுதல்.

இரண்டாவது கெடுதல்தான் எனக்கு அதிக பயம். நசுங்கிச் சிதைந்த நரம்பு இழைகள் அந்த இடத்திலிருந்து மெதுவாக, நாளொன்றுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளர்கின்றன. எல்லா இழையும் சரியான தசைக்கே போய்ச் சேரும் என்பதில்லை. மடை மாறிய தண்ணீர் பக்கத்து வயலில் பாய்வதுபோல, உதட்டுக்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போய்விடும். பிறகு உதட்டைக் குவித்தால் கண் சுருங்கும், கண்ணை மூடினால் வாயோரம் துள்ளும். இது பெரும்பாலும் மூன்றாம் நான்காம் மாதத்துக்குப் பிறகு தலைகாட்டும். அந்த நிலையில் முழு முகத்தையும் இறுக்கி ஊதுகிற பழக்கம் இருந்தால் எல்லாத் தசையும் சேர்ந்தே சுருங்கப் பழகிவிடும். அப்படிப் பழகிய முகத்தைப் பிரித்தெடுக்க எங்களுக்கு வருடக் கணக்கில் ஆகிறது.

ஆகவே இப்போதைக்கு அவர் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒரு கண்ணாடி முன் உட்காரட்டும். வலது உள்ளங்கையை வலது கன்னத்தில் வைத்து அந்தப் பக்கம் ஓடாமல் மெல்லப் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு ஸ்வரங்களை மெதுவாகச் சொல்லட்டும். ஏழு ஸ்வரத்தில் உதடு இரண்டும் சேர்வது மவுக்கும் பவுக்கும் மட்டும்தான். அந்த இரண்டில் நிற்கட்டும். ம என்னும்போது உதடுகள் நடுவில் சேர்கின்றனவா, வலது பக்கம் நழுவிப்போய்ச் சேர்கின்றனவா என்று கண்ணாடியில் பார்க்கட்டும். நழுவினால் இன்னும் சின்னதாக, இன்னும் மெதுவாகச் சொல்ல வேண்டும். நோகிற அளவுக்கு, கண் சுருங்குகிற அளவுக்குச் செய்யக் கூடாது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். நாள் முழுக்கச் செய்தால் இரட்டிப்பு பலன் என்பது இங்கே பொருந்தாது.

மின்சாரம் கொடுத்துத் தூண்டுவதை யாராவது சொன்னால் நான் பரிந்துரைக்க மாட்டேன், பயனுக்கு உறுதியான சான்று இல்லை. எண்ணெய் தேய்ப்பதில் விரல் மெல்ல நடந்தால் கெடுதல் இல்லை. அழுத்தித் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கண்தான் இப்போது எல்லாவற்றையும்விட அவசரம். கோணிய வாய் காத்திருக்கும், காய்ந்த கருவிழி காத்திருக்காது. பகலில் சொட்டு மருந்து, வெளியே போனால் மூக்குக்கண்ணாடி. இரவில் களிம்பு போட்டு, இமையை முதலில் விரலால் முழுதாக மூடிவிட்டு, பிறகு மேலிருந்து கீழாக மருத்துவ டேப் ஒட்டுங்கள். மூடாத இமைமேல் பஞ்சை வைத்து ஒட்டினால் பஞ்சே கருவிழியை உரசும். கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவர்.

அபிநயம் எழுதியது:

நான் பரதநாட்டியம் கற்பிக்கிறேன். என் முகத்தின் வலப்பக்கம் இதே வாதம் வந்து சில வருடங்கள் ஆகின்றன, அதனால் இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நிலைக்கண்ணாடி அவர்கள் சொன்ன அந்த மடை மாறல் எனக்கு நடந்தது.

எனக்கு ஐந்தாவது மாதம் முகம் நன்றாகத் திரும்பிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நிழற்படம் எடுத்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் வகுப்பில் சிருங்காரத்துக்கு உதட்டோரம் மலர்த்தினால் வலது கண் பாதியாகச் சுருங்கிவிடும். பார்க்கிற பிள்ளைக்கு அது காதலாகத் தெரியாது, கண்ணில் தூசி விழுந்ததாகத் தெரியும். ஆடுகிறவளுக்குப் புருவமும் இமையும் உதடும் தனித்தனியே சொன்னபடி கேட்க வேண்டும். ஒன்றைக் கூப்பிட்டால் மூன்று ஓடிவந்தால் முகபாவம் ஏது? சாப்பிடும்போது வலது கண்ணில் நீர் வேறு கொட்டியது. காரம் அதிகமோ என்று நினைத்தேன். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய இழைகள் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டதாக மருத்துவர் விளக்கினார். இன்றைக்கும் புளிசாதம் சாப்பிட்டால் வலது கண் கலங்கும்.

போட்டுலினம் ஊசி கண்ணைச் சுற்றி மிகச் சிறிய அளவில் போடுகிறார்கள். சில மாதங்களுக்கு அந்தக் கண்தசை அடங்கியிருக்கும். அந்த இடைவெளியில் கண்ணாடி முன் உதட்டைத் தனியாக அசைக்கப் பழகினேன். இப்போது சிருங்காரம் வருகிறது. முன்பு இருந்ததில் எல்லாம் வரவில்லை, ஆனால் மேடைக்குப் போதுமானது வருகிறது.

தங்கை, உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். பிரான்சில் துஷேன் என்ற மருத்துவர் 1862இல், முகத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒவ்வொரு தசைக்கும் உள்ள வேலையைப் பிரித்துக் காட்டினார். கன்னத் தசையை நினைத்தபடி சுருக்கலாம், ஆனால் உண்மையான மகிழ்ச்சியில் சுருங்கும் கண்ணோரத் தசை மனம் சொன்னால் மட்டுமே அசையும் என்றார். எனக்கு முதல் மாதங்களில் மிகவும் வலித்தது இதுதான். உள்ளே மகிழ்ச்சி இருந்தும் வெளியே வரவில்லை. எதிரில் இருப்பவர்கள் நான் கோபமாக இருப்பதாக நினைத்து ஒதுங்கினார்கள். அப்பாவும் இப்போது அப்படித்தான் இருப்பார். முகத்தை வைத்து அவர் மனதை அளக்காதீர்கள். குரலைக் கேளுங்கள்.

வண்டல்மண் எழுதியது:

அக்கா, அம்மா, இருவருக்கும் நன்றி. பதிலை அப்பாவுக்கே படித்துக் காட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ம, ப என்ற இடம் வந்ததும் திரும்பிப் பார்த்தார். அன்று மாலையே பூஜை அறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். பவில் உதடு வலப்பக்கம் ஓடுவதை அவரே கண்டுபிடித்து அம்மாவுக்குக் காட்டினார். வாயோரத்தில் அசைவு இருப்பதை இப்போது நானும் பார்த்தேன்.

அவர் கேட்கச் சொன்ன கேள்வி: என்றைக்குச் சீவாளியைத் தொடலாம்? தைக்குள் முடியுமா, முடியாதா என்று நேராகச் சொல்லச் சொல்கிறார். சொன்னால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார்.

நிலைக்கண்ணாடி எழுதியது:

அவரிடம் நேராகவே சொல்கிறேன். மூன்று வாரத்துக்குள் அசைவு தலைகாட்டுவது மிக நல்ல அடையாளம். அப்படித் தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள். ஆனால் முகம் நேராவது வேறு, மணிக்கணக்கில் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கும் உதடு திரும்புவது வேறு. காபி சிந்தாமல் குடிக்க முடிந்த பிறகும் முகூர்த்தம் முழுக்க வாசிக்கச் சில மாதங்கள் கூடுதலாக ஆகலாம். தை முகூர்த்தத்தை வேறொரு செட்டுக்கு மாற்றிவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. தைக்குள் கட்டாயம் என்று நாள் குறித்தால், அந்த நாளுக்காகவே முகத்தை முறுக்கி ஊதுவார். அதைத்தான் நான் தவிர்க்கப் பார்க்கிறேன்.

சீவாளியைத் தொட நாள் கணக்கு கிடையாது, அடையாளக் கணக்குதான். கையால் பிடிக்காமலே ம, ப இரண்டிலும் உதடு நடுவில் சேர வேண்டும். கன்னத்தில் தண்ணீரை அடக்கி இடம் வலம் மாற்றும்போது ஒழுகக் கூடாது. இமை முழுதாக மூட வேண்டும். மூன்றும் வந்ததும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாத்தியத்தில் பொருத்தாமல் சீவாளியை மட்டும் எடுக்கட்டும். கன்னம் உப்பாமல், சத்தம் வருகிற அளவுக்கு மட்டும் காற்று. எதிரில் கண்ணாடி இருக்க வேண்டும். இடது கண் சுருங்கத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும். பிறகு வாத்தியத்தில் பொருத்தி, கீழ் ஸ்தாயியில் நீண்ட கார்வை மட்டும். மேல் ஸ்தாயிக்கு உதட்டின் பிடி அதிகம் வேண்டும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவருக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்தும் ஓர் அசைவும் இல்லாவிட்டாலோ, வந்த அசைவு திரும்பக் குறைந்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் போய் வேறு காரணம் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும். சர்க்கரை அளவை மாத்திரை முடிந்த பிறகும் விடாமல் பாருங்கள்.

கடைத்தெரு எழுதியது:

டாக்டரம்மா சொன்னது எனக்கும் புதிது. படித்துத் தெரிந்துகொண்டேன், மைத்துனரிடமும் சொல்கிறேன். கூடவே ஒரு சந்தேகம். எனக்கு ஒரு வாரமாக வலது கீழிமை துடித்துக்கொண்டே இருக்கிறது. இதுவும் வாதத்தின் தொடக்கமா?

நிலைக்கண்ணாடி எழுதியது:

இமை மட்டும் துடித்தால் வாதத்தின் தொடக்கம் இல்லை, ஐயா. தூக்கக் குறைவு, அதிகமாகக் காபி, மன அழுத்தம், கண் உலர்வு இவைதான் வழக்கமான காரணங்கள், தானே அடங்கிவிடும். துடிப்பு கண்ணிலிருந்து கன்னம், வாயோரம் என்று அதே பக்கத்தில் கீழே இறங்கி வந்தால் காட்டிவிடுங்கள். அது பெரும்பாலும் மூளைக்கு அருகே ஒரு ரத்தக்குழாய் இதே ஏழாவது நரம்பை அழுத்துவதால் வருவது. அதற்கும் போட்டுலினம் ஊசி இருக்கிறது, தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. இப்போதைக்கு இரவுக் காபியை விட்டுவிட்டு நேரத்தோடு தூங்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நிற்கவில்லை என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள்.